போணி பாக்கெட்

எனக்குக் கோபம் சட்டென்று வந்துவிடும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் நான் இரண்டு பேரை அநியாயமாகத் திட்டுகிறேன். திட்டவேண்டிய ஆள் யார் என்று கடைசியில் தெரிந்தபோது, திட்ட வாய் வரவில்லை.

என் பெயர் வஞ்சுளவல்லி. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், வேலை ராஜபாளையத்தில். ஆஸ்பத்திரிகளுக்குக் காஸ் துணி, பேண்டேஜ் செய்து அனுப்பும் ஒரு யூனிட்டில் புரொடக்‌ஷன் மேனேஜர். நாற்பத்தொரு பேர் வேலை பார்க்கிறார்கள். ஆளறிந்து ஆசனம் போடு, பல்லறிந்து பாக்குப் போடு என்பார்கள். ஆறு வருஷம் முன்பு நான் வந்து சேர்ந்தபோது இங்கே ஆசனமெல்லாம் திங்கட்கிழமைக்குத் திங்கட்கிழமை மாறிக்கொண்டிருந்தது. வெட்டினவள் மறு வாரம் தைப்பாள், தைத்தவள் மடிப்பாள், மடித்தவள் எண்ணுவாள். யாருக்கும் மனக்குறை வரக்கூடாது என்று பெரிய முதலாளி வைத்த வழக்கம். மனக்குறை வரவில்லைதான். வேலையும் வரவில்லை.

நான் அதை நிறுத்தினேன். யாருக்கு எது வருகிறது என்று ஒரு மாதம் சும்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒவ்வொருவரையும் ஓர் இடத்தில் வைத்தேன். தங்கச்சாமி அண்ணாச்சி யாரையும் நம்பமாட்டார். பெற்ற மகன் கதவைத் தட்டினாலும் ஆதார் கார்டைக் காட்டச் சொல்லுவார் என்று யூனிட்டில் கேலி உண்டு. கட்டிங் மிஷினில் நின்று எல்லோரிடமும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தவரை ஸ்டோருக்கு மாற்றினேன். அன்றிலிருந்து ஸ்டோரில் ஒரு நூல்கண்டு காணாமல் போனதில்லை. மாரிச்செல்விக்கு வாய் ஓயாது. உட்காரவைத்தால் பக்கத்தில் இருக்கும் நாலு பேர் வேலையும் கெடும். அதனால் அவளை உட்காரவைக்கவே இல்லை. டேபிளுக்கு டேபிள் ட்ரே தூக்கிக்கொண்டு நடக்கிற வேலை கொடுத்தேன். நடக்கிறபோது எவ்வளவு பேசினாலும் யாரிடமும் அரை நிமிஷத்துக்கு மேல் பேச முடியாது.

அய்யம்மாளைக் கண்டுபிடித்ததுதான் எனக்குப் பெரிய பெருமை. ஐம்பத்து மூன்று வயது. இருபது வருஷம் மார்க்கெட் வாசலில் எலுமிச்சம்பழம் விற்றவர். முழங்கால் தேய்ந்து தரையில் உட்கார முடியாமல் போனதும் எங்களிடம் வந்தார். தையலில் போட்டேன். தைத்த கோடு ஆற்றங்கரை மாதிரி வளைந்து வளைந்து போனது. அனுப்பிவிடலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். அன்று ஒரு ட்ரே கவிழ்ந்து துணியெல்லாம் தரையில் விழுந்தது. அய்யம்மாள் குனிந்து அள்ளி அள்ளி வைத்தார். ஒவ்வோர் அள்ளலிலும் சரியாக ஐந்து. பார்க்கக்கூட இல்லை, கைக்கே தெரிந்திருந்தது. எலுமிச்சை வியாபாரத்தில் ஒரு கை என்றால் ஐந்து பழம் என்று சொன்னார்.

எங்களுக்கும் கணக்கு ஐந்துதான். வயிற்று ஆபரேஷனில் ரத்தத்தை ஒற்றி எடுக்கிற தடித்த காஸ் துண்டுக்குத் தியேட்டரில் ‘மாப்’ என்று பெயர். ஒரு பாக்கெட்டுக்கு ஐந்து மாப். நாங்கள் எண்ணி, கவரில் போட்டு, சீல் வைத்து, லேபிளில் தேதியும் வரிசை எண்ணும் ஒட்டி மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம். கவரோடு வைத்துக் கிருமி நீக்கம் செய்வது அவர்கள் பொறுப்பு. ஆடிப்பூரத் தேர் முடிந்து நான் லீவிலிருந்து திரும்பிய வாரம் அய்யம்மாளை எண்ணுகிற டேபிளில் உட்காரவைத்தேன். அங்கே அவரைச் சேர்த்து மூன்று பேர். இருநூறு பாக்கெட்டைப் பிரித்துச் சோதித்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை.

புரட்டாசி முடியப்போகிற ஒரு திங்கட்கிழமை அந்த ஆஸ்பத்திரியிலிருந்து கூரியர் வந்தது. உள்ளே நாலு காலிக் கவரும் ஒரு கடிதமும் இருந்தன. இரண்டரை மாதத்தில் நாலு முறை, ஐந்து இருக்கவேண்டிய பாக்கெட்டில் ஆறு மாப் இருந்ததாம். இன்னொரு முறை நடந்தால் ஆர்டரை ரத்து செய்வோம் என்று எழுதியிருந்தார்கள்.

முதலாளி தாமோதர் ராஜா கடிதத்தை இரண்டு தடவை படித்தார். அப்பா காலத்துக்குப் பிறகு யூனிட்டை எடுத்து நடத்துகிற இளைஞர். சத்தம் போடமாட்டார். அதுதான் பயம்.

“தேவுடா... நாலு தடவையாக்கா?” என்றார். “யாருன்னு சனிக்கிழமைக்குள்ள சொல்லுங்க. தீபாவளி போனஸக் குடுத்து அனுப்பிருவோம். தீபாவளி முடிஞ்சதும் பழையபடி எல்லாரும் எல்லா வேலையும் பாக்கட்டும். ஒரே ஆள ஒரே எடத்துல உக்கார வச்சா கவனம் போயிருது.”

தீபாவளிக்கு இரண்டு வாரம்கூட இல்லை. டேபிளில் இருக்கிற மூன்று பேரில் ஒருத்தி துணி எடுக்கப்போகிற நேரத்தில் வேலையை இழக்கப்போகிறாள். யார் என்று நான்தான் சொல்லவேண்டும்.

முதலில் மாரிச்செல்வி மேல் பாய்ந்தேன். எண்ணுகிற டேபிளுக்குத் துணி கொண்டுபோகிறவள் அவள்தான்.

“ஏட்டி, ஒன் வாயாலதான் எல்லாம். எண்ணுறவிய காதுல போயி ஊர்க்கதை ஓதினா அஞ்சு ஆறாகாம என்ன ஆகும்?” கோபம் வந்தால் எனக்கு வில்லிபுத்தூர் அக்ரஹாரத் தமிழ் மறந்து ராஜபாளையத்து வாய் வந்துவிடும்.

“நான் என்ன மேடம் செஞ்சேன்? ட்ரேய வச்சுட்டு ‘சாப்ட்டியளா’ன்னு கேப்பேன். அது ஒரு குத்தமா?”

“இனிமே அதையும் கேக்காத. வாய மூடு.”

அவள் மூடினாள். இரண்டு நாள் அந்தக் கூடமே துக்கவீடு மாதிரி இருந்தது. நான் ஒவ்வொரு பாக்கெட்டாகப் பிரித்து எண்ணினேன். செவ்வாய் நூறு பாக்கெட், புதன் நூறு பாக்கெட். எல்லாவற்றிலும் ஐந்து. எண்ணி எண்ணி எனக்குக் கண் பூத்துப்போனதுதான் மிச்சம்.

புதன்கிழமை மத்தியானம் தங்கச்சாமி அண்ணாச்சி ஸ்டோர் நோட்டோடு வந்து நின்றார். நான் இருந்த நிலையில் அவரைப் பார்த்ததுமே எரிச்சல் வந்தது.

“அம்மா, நான் முன்னயே ஒருக்கா சொன்னேன். நீங்க கேக்கல.”

“எதச் சொன்னீங்க?”

“தெனம் ஐநூறு மாப் எண்ணிக் குடுக்கேன். நூறு பாக்கெட்டாத் திரும்பி வரும். வெள்ளிக்கிழம மட்டும் தொண்ணூத்தொம்பது பாக்கெட்டும் நாலு உதிரியுமா வருது. ஒண்ணு எங்கன்னு நான் கேட்டதுக்கு, ஒரு துணிக்குப் பஞ்சாயத்தா அண்ணாச்சின்னு வெரட்டி விட்டீங்க.”

சொன்னேன். நன்றாக நினைவிருக்கிறது. அதோடு நிற்காமல், உங்களுக்கு வேறு வேலை இல்லையா என்றும் நாலு பேர் முன்னால் கேட்டேன். சந்தேகப்படுவதுதான் இவருடைய திறமை என்று கண்டுபிடித்து அதற்கென்று ஒரு நாற்காலி போட்டவளே நான்தான். அவர் சந்தேகப்பட்டு வந்து நின்றபோது எரிந்து விழுந்தவளும் நான்தான். அந்த நிமிஷம் எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வாய்விட்டு மன்னிப்புக் கேட்கவில்லை. “நோட்டக் குடுங்க” என்று மட்டும் சொன்னேன்.

பத்து வெள்ளிக்கிழமை. பத்திலும் ஒன்று குறைவு. வந்திருந்த நாலு காலிக் கவரையும் எடுத்துத் தேதியைப் பார்த்தேன். நாலும் வெள்ளிக்கிழமை. நாலிலும் வரிசை எண் ஒன்று. அதாவது வெள்ளிக்கிழமை காலையில் முதலில் கட்டுகிற பாக்கெட்.

கைதவறி எண்ணுகிறவள் ஒரு நாள் கூட்டி வைப்பாள், ஒரு நாள் குறைத்து வைப்பாள். நாள் பார்த்து, நேரம் பார்த்துத் தப்பு செய்யமாட்டாள். வெள்ளிக்கிழமைகளில் நான் அரை மணி தாமதமாக வருவேன். கோயிலுக்குப் போய்விட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிப்பேன். ஆக, நான் இல்லாத அந்த அரை மணியில்தான் என்னவோ நடக்கிறது. வேண்டுமென்றே யாரோ செய்கிறார்கள் என்று நினைத்தபோது எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் ஹயக்ரீவன் கோர்ட்டில் வேலை பார்க்கிறவர். எதிலும் ஒரு வாய்தா கேட்பார்.

“நாச்சியாரைச் சேவிக்காமலா போகப்போறே? அடுத்த வாரம் பார்த்துக்கப்படாதா?”

“அடுத்த வாரம் பார்க்கிறதுக்குள்ளே, நாளைக்கு மறுநாளே ஒருத்தியை அனுப்பியாகணும்.”

வெள்ளிக்கிழமை முதல் டவுன்பஸ்ஸில் போய் இறங்கினேன். மழை பிடித்திருந்தது. யூனிட்டில் ஷட்டர் திறந்திருந்தது. அய்யம்மாள் எனக்கு முன்பே வந்திருந்தார். மற்ற இருவரும் தொப்பி போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பீரோவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். ஒளியவில்லை. ஆனால் அவர் கண் துணிமேல் இருந்தது.

கை கழுவி, கையுறை மாட்டி, துணி அடுக்குக்கு முன்னால் ஒரு நிமிஷம் கண்ணை மூடினார். தொட்டுக் கும்பிடவில்லை. சுத்தமான துணியைத் தொட்டுக் கும்பிடக்கூடாது என்று நான் முதல் நாளே சொல்லியிருந்தேன். பிறகு ஒரு கை அள்ளினார். கவருக்குள் வைத்தார். இன்னும் ஒன்றை எடுத்து அதன்மேல் வைத்தார். கவரைச் சீல் போடுகிற எட்வின் பக்கம் தள்ளினார். அடுத்த கை அள்ளினார், ஐந்து. அடுத்தது, ஐந்து.

மறைத்துச் செய்யவில்லை. பின்னால் யார் நின்றாலும் அப்படியேதான் செய்திருப்பார் என்று தோன்றியது.

“அய்யம்மாக்கா, அந்த மொதப் பாக்கெட்ட எடுங்க.”

திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “வாங்கம்மா. இன்னைக்கு வெள்ளனவே வந்துட்டியளா?”

“எத்தன வச்சீங்க அதுல?”

“அதுல ஆறு.”

“ஆறா?”

“போணில்லாம்மா” என்றார், எனக்குத் தெரியாதா என்கிற மாதிரி. “வெள்ளிக்கிழம மொதப் போணிக்கு ஒரு பழம் கூடப் போட்டுக் குடுத்தாத்தான் யாவாரம் நிக்கும். பழம் விக்கையில இருவது வருசமும் அப்படித்தான். இங்க பழமா விக்கோம்? யாரோ ஒருத்தி வயித்தக் கீறிப் படுத்துக் கெடப்பா. ரத்தம் நிக்காட்டி ஒரு துணி கூட இருந்தா ஒதவும்லா?”

“பாக்கெட்டுக்கு அஞ்சுன்னு சொன்னேனே அக்கா.”

“அஞ்சுக்குக் கொறையல்லியே. கொறஞ்சாத்தானம்மா தப்பு?”

நான் நாலு நாளாகக் கட்டிவைத்திருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். அவருக்குத் தெரிந்திருக்கவேண்டியதை அப்போதுதான் முதல் தடவையாகச் சொன்னேன்.

“அக்கா, டாக்டர் வயித்தத் தைக்கிறதுக்கு முன்னால, உள்ள போன துணியெல்லாம் வெளிய வந்துருச்சான்னு எண்ணுவாங்க. ஒரு பாக்கெட் பிரிச்சா அஞ்சு வெளிய வரணும். அவசரத்துல கவர்ல இருக்கிற அஞ்ச நம்பிட்டாங்கன்னு வைங்க. உள்ள இருந்தது ஆறு. அஞ்சு வெளிய வந்துச்சு. கணக்குச் சரின்னு தைச்சிருவாங்க. ஒண்ணு வயித்துக்குள்ளயே கெடக்கும்.”

அய்யம்மாளின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. கையுறையைக் கழற்றினார். கழற்றத் தெரியாதவர் மாதிரி ஒரு விரல் ஒரு விரலாகக் கழற்றினார்.

“நாலு பாக்கெட்டு திரும்பி வந்துச்சுன்னு பேசிக்கிட்டாவ. நான் பத்து வெள்ளி வச்சிருக்கேம்மா. மத்த ஆறும் எங்க?”

எனக்கு முன்னால் அதை அவர் கேட்டுவிட்டார். யாரை அனுப்புவது என்று நாலு நாளாக மண்டையை உடைத்துக்கொண்ட நான் அந்தக் கேள்வியை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

இரண்டு பாக்கெட் எங்கள் குடோனிலேயே இருந்தன. தங்கச்சாமி அண்ணாச்சி பத்து நிமிஷத்தில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். மீதி நாலும் மதுரைக்குப் போயிருந்தன. கடிதத்தில் இருந்த நம்பருக்கு போன் செய்தேன். தியேட்டர் இன்சார்ஜ் பெலிக்ஸ் என்ற ஆண் நர்ஸ் எடுத்தார். தேதிகளையும், வரிசை எண் ஒன்று என்பதையும் சொன்னேன். ஏன், எப்படி என்று அவர் கேட்கவில்லை.

“லைன்லயே இருங்க மேடம்.” சிறிது நேரத்தில் திரும்பி வந்தார். “மூணு பாக்கெட் அலமாரில இருக்கு, பிரிக்கல. ஒண்ணு யூஸ் ஆயிருச்சு. பாக்கெட் லேபிளக் கேஸ் ஷீட்ல ஒட்டியிருப்போம். எந்தக் கேஸ்னு ரெக்கார்ட் ரூம்ல தேடணும். ஒரு மணி நேரம் ஆகும்.”

அந்த ஒரு மணி நேரமும் அய்யம்மாள் என் மேஜைக்கு எதிரே நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. முழங்கால் வலிக்குமே என்றேன், மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மாரிச்செல்வி டீ கொண்டுவந்து வைத்தாள். அது ஆடை கட்டிக் கிடந்தது. ஒரே ஒரு தடவை அவர் வாய் திறந்தார்.

“ஒருவேள அது உள்ள இருந்துச்சுன்னா, அந்தப் புள்ளைக்கு வலிக்குமாம்மா?”

நான் போனை மேஜை நடுவில் நகர்த்தி வைத்தேன்.

போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

“கிடைச்சிருச்சு மேடம். அன்னைக்கு டியூட்டில இருந்த சிஸ்டர் பாக்கெட்டப் பிரிக்கும்போதே எண்ணி ஆறுன்னு எழுதியிருக்காங்க. ஆறும் வெளிய வந்திருக்கு. புகார் குடுக்க விட்டுட்டாங்க, அவ்வளவுதான். பேஷண்ட் நல்லா இருக்காங்க.”

அய்யம்மாள் அப்போதுதான் உட்கார்ந்தார். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார்.

“நாங்க கவர நம்பறதில்ல மேடம்” என்றார் பெலிக்ஸ். “எப்பவும் ரெண்டு பேர் சேர்ந்து சத்தமா எண்ணுவோம். ஒருத்தர் தொடுவாங்க, ஒருத்தர் சொல்லுவாங்க. ஆனா நீங்களே கூப்பிட்டு இந்த நம்பர்தான்னு சொன்னீங்க பாருங்க, அத ஆர்டர் போடற பர்ச்சேஸ் ஆபீஸ்ல சொல்லிடறேன்.”

சனிக்கிழமை முதலாளி அறைக்குப் போய் ஆளைச் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். அவர் நெற்றியில் கைவைத்துக்கொண்டார்.

“எலுமிச்சம்பழமாக்கா இது, போணி கொசுறு பாக்க? அனுப்பிருங்க.”

“ஒண்ணு கேளுங்க. இந்தப் பத்து வாரத்துல அந்த டேபிள்ல இருந்து ஆறாயிரம் பாக்கெட் கட்டியிருக்கோம். வேற யாராவது தூக்கக் கலக்கத்துல தப்பு பண்ணியிருந்தா எதுன்னு தேடுவீங்க? ஆறாயிரத்தையும் திரும்ப வாங்கியாகணும். நாம பத்தத் தேடினோம், பத்தும் ஒரே காலையில கெடைச்சிருச்சு. தப்பக்கூட ஒழுங்காச் செஞ்ச ஆள் இவங்க. அஞ்சுன்னு சொன்னது நான். ஏன் அஞ்சுன்னு சொல்லாததும் நான்தான். அனுப்பறதா இருந்தா...”

என்னை அனுப்புங்கள் என்று முடிக்கத்தான் வாயெடுத்தேன். சரி என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயம் வந்தது. பாதியிலேயே நிறுத்திக்கொண்டேன். அவருக்குப் புரிந்திருக்கும்போல. லேசாகச் சிரித்தார்.

“தீபாவளி வரைக்கும் அந்த எடத்துலயே இருக்கட்டும். தெனம் நூறு பாக்கெட் வந்தாகணும். இன்னொரு ஆறு வந்துச்சுன்னா நான் யோசிக்கமாட்டேங்க்கா.”

வேலையைக் காப்பாற்றியாயிற்று என்று நிம்மதியாக பஸ் ஏறினேன். ஆனால் திங்கட்கிழமை அய்யம்மாளின் கை போய்விட்டது.

வேறெப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஒரு கை அள்ளுவார். கவரில் வைக்கப் போவார். மறுபடி டேபிளில் பரப்பி விரலால் எண்ணுவார். கவரில் வைத்தபிறகு திரும்ப வெளியே எடுப்பார். சாயங்காலம் பார்த்தால் மூன்று பேருமாக அறுபது பாக்கெட். செவ்வாய்க்கிழமை ஐம்பது. கண்ணை மூடிக்கொண்டு ஐந்து அள்ளுகிற கைக்கு ஐந்து மேல் நம்பிக்கை இல்லாமல் போயிருந்தது. அவர் தடுமாறுவதைப் பார்த்து மற்ற இருவரும் இரண்டிரண்டு தடவை எண்ண ஆரம்பித்தார்கள். முதலாளி கூடத்தைச் சுற்றி வந்தவர், அந்த டேபிளுக்கு முன்னால் நின்று, முடிந்த பாக்கெட்டுகளை எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்று வேலை முடிந்ததும் அய்யம்மாள் என்னிடம் வந்தார்.

“அம்மா, என்னயக் கூட்டிப் பெருக்குற வேலைக்குப் போட்டுருங்க. இல்லன்னா நான் நின்னுக்கிடுதேன். எண்ணும்போதெல்லாம் அந்தப் புள்ள வயிறுதான் கண்ணுல தெரியுது.”

“அதுக்கு நீங்கதான் அக்கா சரியான ஆள். அது கண்ணுல தெரியறவங்கதான் எண்ணணும்” என்றேன். நல்ல பேச்சுதான். ஆனால் பேச்சால் ஒரு கைக்குத் தைரியம் வந்துவிடுமா என்ன? அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். தீபாவளி முடிந்ததும் நின்றுவிடுவார் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

பஸ்ஸில் வரும்போது பெலிக்ஸ் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. ஒருத்தர் தொடுவார், ஒருத்தர் சொல்லுவார். அய்யம்மாளுக்குத் தொடுகிற கை இருக்கிறது. சொல்கிற வாய்க்கு நான் எங்கே போக? யோசிக்க ஆரம்பித்து, நான் எவ்வளவு பெரிய மடச்சி என்று எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

புதன்கிழமை காலையில் மாரிச்செல்வியைக் கூப்பிட்டேன். போன திங்கட்கிழமைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசவே இல்லை.

“மாரி, அன்னைக்கு ஒன்னயத் திட்டினது தப்பு. ஒம் மேல ஒரு குத்தமும் இல்ல.”

அவள் நம்பாமல் பார்த்தாள். நான் சொன்னது என் காதுக்கே புதிதாகத்தான் இருந்தது.

“இன்னையிலருந்து அய்யம்மாக்காவுக்கு எதிர்ல உக்காரு. அவிய ஒவ்வொண்ணா வைக்க வைக்க நீ சத்தமா எண்ணணும். ஒண்ணு ரெண்டு மூணு நாலு அஞ்சு. நாள் பூரா.”

“இத்தன நாளா வாய மூடு வாய மூடுன்னீக. இப்ப தொறக்கணுமாக்கும்?”

“ஆமா. கூடம் பூரா கேக்கணும்.”

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். மாரிச்செல்வியின் குரல் கூடத்தின் மறுமுனையில் இருந்த ஸ்டோர் வரைக்கும் கேட்டது. முதல் நாள் அய்யம்மாள் அவள் குரலுக்காகக் காத்திருந்து ஒவ்வொன்றாக வைத்தார். மத்தியானத்துக்குப் பிறகு குரலும் கையும் சேர்ந்து போக ஆரம்பித்தன. வியாழக்கிழமை கை முன்னால் போய்விட்டது. “மெதுவா, பெரியம்மா! எனக்கு மூச்சு வாங்குது” என்று மாரிச்செல்வி கத்தினாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அய்யம்மாள் சிரிப்பதைப் பார்த்தேன். அன்றைக்குத் தொண்ணூற்றிரண்டு பாக்கெட்.

வெள்ளிக்கிழமை எனக்குத் தூக்கம் ஐந்து மணிக்கே கலைந்துவிட்டது. மறுபடியும் முதல் பஸ்.

இந்தத் தடவை நான் பீரோ பக்கம் நிற்கவில்லை. அய்யம்மாளுக்கு நேர் எதிரே, மாரிச்செல்விக்குப் பின்னால் நின்றேன். தங்கச்சாமி அண்ணாச்சியும் ஸ்டோரைப் பூட்டிவிட்டு வந்து நின்றார். யாரும் அழைக்கவில்லை, தானாகத்தான் வந்தார். அய்யம்மாள் கண்ணை மூடித் திறந்தார்.

“ஒண்ணு” என்றாள் மாரிச்செல்வி. “ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு.”

இருபது வருஷப் பழக்கம் சும்மா விடுமா? அய்யம்மாளின் கை ஆறாவது துணிக்குப் போய்விட்டது. அதன்மேல் வைத்தபடி நின்றது.

“அஞ்சு, பெரியம்மா” என்றாள் மாரிச்செல்வி மறுபடியும். இந்தத் தடவை மெதுவாகச் சொன்னாள். அவளுக்கு மெதுவாகப் பேச வரும் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

“அஞ்சு” என்றார் அய்யம்மாள். கையை எடுத்தார். கவரை மூடி எட்வின் பக்கம் தள்ளினார்.

பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு எழுந்தார். சுவரோரம் மாட்டியிருந்த தன் பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழம் எடுத்தார். பெரிய பழம், நல்ல மஞ்சள். நான் என்னையறியாமல் கையைக் கொஞ்சம் நீட்டிவிட்டேன். அவர் என்னைத் தாண்டிப் போய் அதைத் தங்கச்சாமி அண்ணாச்சி கையில் வைத்தார்.

“வெள்ளிக்கிழமப் போணி அண்ணாச்சி. எண்ணிப் பாத்துக்கிடும், ஒண்ணுதான்.”

அண்ணாச்சி அதை வாங்கி, திருப்பித் திருப்பி எங்கேயாவது அழுகல் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஸ்டோரைத் திறக்கப் போய்விட்டார். அய்யம்மாள் புதுக் கையுறை மாட்டிக்கொண்டு இடத்தில் உட்கார்ந்தார். மாரிச்செல்வி மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.

எனக்குப் பழம் இல்லை. கேட்க எனக்கு முகமும் இல்லை. நீட்டின கையை மடக்கிக்கொண்டு என் மேஜைக்குப் போய் உட்கார்ந்தேன். அண்ணாச்சியிடம் கேட்கவேண்டிய மன்னிப்பு அப்படியே பாக்கி இருந்தது. எழுந்து ஸ்டோருக்குப் போனேன்.